ஐஸ்காரர் வீட்டுச் சமாதானம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணுகிறேன். பொதுவாக எல்லோரும் கண்மேல்தான் சத்தியம் பண்ணுவார்கள். எனக்குக் குடை ரிப்பேர் தொழில். ஊசியில் நூல் கோக்கக் கண் வேண்டும். கைமேல் பண்ணலாம் என்றால் கம்பி முறுக்கக் கை வேண்டும். ஆகவே, தொழிலுக்குத் தேவைப்படாத உறுப்பாகப் பார்த்துக் காதுமேல் பண்ணுகிறேன். நான் சொல்வதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் இரண்டு காதும் செவிடாகப் போகட்டும்.

என் கடை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். ஒரு முக்காலி, ஒரு மரப்பெட்டி, படி சரிந்து முடிகிற மூலையில் ஒரு கட்டில். பகலில் கடை, இரவில் வீடு. மாடிக்கு யார் போனாலும் என் தலைமேல்தான் ஏறிப் போகவேண்டும். படிச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன். ஏறுகிறவர் யார், என்ன மனநிலையில் ஏறுகிறார் என்பதெல்லாம் முதுகுக்கே தெரிந்துவிடும்.

மாடியில் இடதுபக்கம் ஐஸ்காரர் வீடு. வலதுபக்கம் கண்ணாடிக்காரர் வீடு. தெருவுக்கு எதிர்ப்புறம் பள்ளிக்கூடத்து கேட். என் கதைக்கு இவ்வளவு இடம் போதும்.

ஐஸ்காரர் ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி. உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் தகர டப்பாக்களை வரிசையாக இறக்கி வைத்திருப்பார்கள். கட்டி இறுகியதும் கொக்கி போட்டுத் தூக்கி, சாதாத் தண்ணீரில் ஒருமுறை முக்கிக் கவிழ்த்தால், ஆளுயரக் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதை இழுத்துக்கொண்டு போய்ச் சரிவுப்பலகையில் லாரிக்கு இறக்கவேண்டும். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். கீழே நிற்கிறவன் "விடு" என்று வாயால் சொல்லும்வரை மேலே இருக்கிறவன் பிடியை விடக்கூடாது. அவன் ஏந்திக்கொண்ட மாதிரி தெரிகிறதே என்று நீயாக விட்டால், கட்டி யாருடைய காலையாவது வாங்கிவிடும். ஐஸ்காரர் மேஸ்திரியான பிறகு அங்கே ஒரு கால்கூட நசுங்கியதில்லை. அவர் பிடி அப்பேர்ப்பட்டது.

குளிர் அவர் கையைவிட்டுப் போகாது. அவர் வீட்டுக்கு ஏறும்போது படிக்கட்டுக் கைப்பிடியில் பனி பூக்கும். அவர் டீ டம்ளரைக் கையில் எடுத்தால் மேலே ஆடை கட்டாது, மெல்லிசாக ஐஸ் தகடு கட்டும். அவர் மனைவி கரண்டியால் அதை ஒதுக்கிவிட்டு, "குடிங்க, ஆறிடப்போகுது" என்பாள். இந்தக் கண்ணால் பார்த்தது.

குரலும் லேசுப்பட்டதில்லை. மாடியில் அவர் ஒரு அதட்டல் போட்டால், கீழே என் கடையில் மடக்கித் தொங்கவிட்ட குடைகளெல்லாம் படபடவென்று தானாக விரிந்துகொள்ளும். ஒரு வாடிக்கையாளர், தன் பழைய குடைக்கு நான் பட்டன் வைத்துத் தந்ததாக நினைத்துச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வந்து, வீட்டில் விரியவே இல்லை என்று சண்டை போட்டார். உங்கள் வீட்டில் அதட்ட ஆள் இல்லை, நான் என்ன செய்ய?

அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். பெரியவளுக்குப் பத்து வயதிருக்கும். சின்னவன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். மேலே நடப்பது இப்படித்தான் இருக்கும்:

"பாலைக் கொட்டினது யாரு?"

"அப்பா, தம்பி கையைத் தட்டிவிட்டான், அதனால..."

"சமாதானம் சொல்லாதே!"

"இல்லப்பா, நான் வந்து..."

"சமாதானம் சொல்லாதேன்னு சொன்னேன்ல!"

அப்புறம் மேலே அடி விழும், கீழே என் டீ டம்ளரில் காரை உதிரும். சர்க்கரையோடு சேர்த்துக் கலக்கிக் குடித்துவிடுவேன்.

சாக்குச் சொல்லாதே என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பேச்சு வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அடியோடு சேர்த்தே வாங்கிய குழந்தைக்கு எப்படித் தெரியும்?

அம்மாவின் வளர்ப்பு வேறு மாதிரி. அவள் ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பவள். வெள்ளைத் துணி மலைக்கு நடுவில் மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள். பிள்ளைகள் அடித்துக்கொண்டால் மிதியை நிறுத்தமாட்டாள்.

"அம்மா, அவன்தான் முதல்ல கிள்ளினான்!"

"கிள்ளினா கிள்ளிட்டுப் போறான். நீ பெரியவதானே? சமாதானமாப் போயிடுடி, கண்ணு. அப்பா வர்ற நேரம்."

"அவன் பண்ணினது தப்புதானேம்மா?"

"தப்பு யாருதுன்னு பார்க்க இப்ப நேரமில்லடி. இந்தா, பிஸ்கெட். ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

யார் கிள்ளியது, யாருக்கு வலித்தது என்ற விசாரணையே கிடையாது. சத்தம் அடங்கினால் சரி. பெரியவள் வாயை மூடிக்கொண்டு பிஸ்கெட்டை மெல்லுவாள். தொண்டையில் இறங்குவது பிஸ்கெட் மட்டுமில்லை.

அப்பா கொடுத்ததையும் அம்மா கொடுத்ததையும் சேர்த்து அக்காவும் தம்பியும் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். படிக்கட்டிலேதான் விளையாடுவார்கள். ஒருவர் மற்றவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, "சொல்லு!" என்பது. பிடிபட்டவர் "சமாதானம்!" என்றால் விட்டுவிடுவது. சொல்லும்வரை விடக்கூடாது. ஐஸ் கம்பெனிச் சட்டம் அப்படியே. சின்னவன் எப்போதும் தோற்பான். போகப்போக, கை தன் பக்கம் வந்தாலே சொல்லிவிடுவான். ஒருநாள் மிட்டாய் கொடுக்க நான் கையை நீட்டினேன். "சமாதானம், தாத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான்.

வகுப்பில் டீச்சர் பாடம் நடத்தும்போது, சமாதானம் என்றால் என்ன என்று கேட்டாராம். மற்றப் பிள்ளைகள் வெள்ளைப் புறா, கைகுலுக்கல் என்று பாட்டுப் பாடியிருக்கிறார்கள். நம் பெரியவள் எழுந்து, "தோத்தவங்க சொல்றது, டீச்சர்" என்றாளாம். குடைக்குப் பிடி மாற்ற வந்த டீச்சர் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "பெருக்கல், வகுத்தல்ல கெட்டிக்காரி. ஆனா மொழியில கொஞ்சம் வீக்" என்றார்.

இனி வலதுபக்க வீடு. கண்ணாடிக்காரர் சன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டுகிறவர். வைரமுனையால் ஒரே ஒரு கோடு இழுப்பார், அடியில் ஒரு தட்டு. துண்டு இரண்டாகிக் கையில் நிற்கும். அதட்டினால் கண்ணாடி கேட்குமா? கேட்காது. அதனாலேயோ என்னவோ அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதில்லை. அவர் மனைவி பஸ் கண்டக்டர். சத்தம் போடுவதையெல்லாம் பஸ்ஸிலேயே போட்டுவிட்டு வருகிறவள். ஒரே பையன். பெரியவள் வகுப்புத்தான். தெருவில் அவனுக்குப் பெயர் 'ஏன்'.

"செருப்புப் போட்டுக்கலாமா, கண்ணா?"

"ஏன்ப்பா?"

"ரோட்டுல கண்ணாடித் துண்டு கிடக்கும்ல?"

"யாரு போட்டது?"

"நம்ம கடையிலேர்ந்துதான் விழுந்திருக்கும்."

"அப்ப நீங்கதானே பொறுக்கணும்? நான் ஏன் போட்டுக்கணும்?"

"அதுவும் நியாயம்தான். இரு, உட்கார்ந்து பேசலாம்."

உட்கார்ந்து பேசுவார்கள். ஒருநாள் காலையில் பல் தேய்ப்பதைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, ராத்திரிப் பல் தேய்க்கிற வேளையில்தான் முடிந்தது. அடி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தான் பையன். வலித்தால் வலிக்கிறது என்று சொன்னால் போதும், உலகம் நின்று காரணம் கேட்கும் என்று அவனுக்குப் பழக்கம்.

அன்றைக்கு நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டது. கேட்டின் கூரைக்கடியில் பிள்ளைகள் முண்டியடித்து நின்றார்கள். சின்னவன் கையிலிருந்த குடையை வாங்கி, 'ஏன்' அதை விரித்தும் மடக்கியும் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அது எப்படி விரிகிறது என்று பார்த்தான். நான் தைத்த குடை. பார்க்க வேண்டிய குடைதான். பெரியவள் வந்தாள்.

"குடையைக் கொடு."

"ஏன்?"

"கொடுன்னா கொடு. அது எங்களோடது."

"இன்னும் ஒரு தடவை பார்த்துட்டுத் தர்றேன். ஏன் கோவமாப் பேசறே?"

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "சொல்லு!"

"என்ன சொல்லணும்?"

"சொல்லு!"

"எதைன்னு நீ சொன்னாத்தானே நான் சொல்ல முடியும்? வலிக்குது. கோவம்னா உட்கார்ந்து பேசலாம், வா."

"சொல்லுடா!"

பாவம், அவன் என்னவெல்லாமோ சொன்னான். ஸாரி சொன்னான், ப்ளீஸ் சொன்னான், தேங்க்ஸ் சொன்னான், குடையை எடுத்துக்கோ என்றான், அப்பாவின் கடை விலாசத்தைச் சொன்னான், ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதிவரை சொன்னான். அந்த ஒரு சொல்லைத் தவிர எல்லாம் வந்தது. சின்னவன் பக்கத்தில் நின்று, "சொல்லிடுடா, சொல்லிடு" என்று அழுதான். எதைச் சொல்ல வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை. அது உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்து வைத்து, நான் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் முடிந்துவிட்டது. துருப்பிடித்த குடைக்கம்பி ஒடிகிற மாதிரி 'டக்'கென்று ஒரு சத்தம். இந்தக் காதால் கேட்டேன்.

பையன் மழையில் உட்கார்ந்துவிட்டான். பெரியவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது இன்னும் எனக்குள் இருக்கிறது.

"ஏன்டா சொல்லலை? சொல்லியிருந்தா விட்டிருப்பேனே!"

தலைமையாசிரியை நல்ல மனுஷி. இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி, திங்கட்கிழமை காலையில் வந்து, எங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது என்று சொன்னால் போதும், இல்லாவிட்டால் பெண்ணைப் பள்ளியைவிட்டு நீக்கவேண்டி வரும் என்றார். ஐஸ்காரர் படியேறிக்கொண்டே, "படிப்புப் போனா போகட்டும். கம்பெனியில மரத்தூள் அள்ள ஆள் வேணும்" என்றார். ஐஸ் கட்டி உருகாமலிருக்க மேலே கொட்டுவார்களே, அந்த மரத்தூள். அள்ளுகிறவர்களுக்கு மூக்கில் எப்போதும் ரத்தப்பொருக்கு இருக்கும்.

மறுநாள் அம்மாக்காரி மடியில் தலையணை உறைக் கட்டோடு என் முன்னால் வந்து குந்தினாள். மிஷினை விட்டு அவள் இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை.

"பெரியவரே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல பேச்சு வச்சிருக்கு. நீங்க வரணும். நீங்க எதுவும் பேசவேணாம். நீங்க யாருக்கும் பதில் பேசமாட்டீங்க, அது எல்லாருக்கும் தெரியும். சும்மா உட்கார்ந்திருங்க. வெளியாள் ஒருத்தர் இருந்தா அவரு கை ஓங்கமாட்டாரு. எனக்கு அது போதும். பொண்ணு பள்ளிக்கூடம் போகணும், பெரியவரே. நான் இந்த உறையிலயே கிடந்து சாகறேன், அவ வேணாம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. அறையில் ஈரத்துணி வாடை. கட்டில்மேல் தைத்த உறைகளை அடுக்கிச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நான் ஒரு நாற்காலி, கண்ணாடிக்காரர் ஒரு நாற்காலி. அவர் மனைவி பஸ்ஸில் இருந்தாள். 'ஏன்' கையில் மாவுக்கட்டோடு அப்பாவின் முழங்காலை ஒட்டி நின்றான். ரொட்டித் துண்டும் டீயும் வந்தன. சின்னவன் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"நான் சண்டை போட வரலை சார்" என்று கண்ணாடிக்காரர் ஆரம்பித்தார். "குழந்தைங்கதானே."

"அதெல்லாம் இல்ல சார். தப்பு தப்புதான்" என்றார் ஐஸ்காரர். உண்மையிலேயே வருத்தமாக இருந்தார். "நானும் அடிச்சு அடிச்சுத்தான் வளர்க்கறேன். எந்த இடத்துல குறை வச்சேன்னே தெரியலை."

"கோவிச்சுக்காதீங்க. அடிக்கறதைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்."

"இன்னுமா குறைக்கறது? மழை ஆரம்பிச்சதுலேர்ந்து குறைச்சுட்டேன் சார், தோள்பட்டை வலி. அதான் இந்தக் கதி."

கண்ணாடிக்காரர் ரொட்டியைக் கடித்தார்.

"ஏய், வா இங்க" என்றார் ஐஸ்காரர். பெரியவள் வந்து நின்றாள். "அந்தப் பையன்கிட்ட சமாதானம் சொல்லு."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு."

"நீங்கதானேப்பா சொல்லாதேன்னீங்க?"

"நானா? எப்ப நான் சொன்னேன்?"

"தினமும்."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தார். டீ மூக்கில் ஏறியது. அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. வெளியாள் முன்னால் சொந்த மகள் தன்னைக் கேலி செய்வதாக ஐஸ்காரருக்குப் பட்டுவிட்டது.

அம்மாக்காரி சொன்னது சரிதான். அவர் கை ஓங்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

கட்டைவிரல் கீழே, நாலு விரல் மேலே, அரைத்திருப்பு. கொக்கியைத் திருகுவது அப்படித்தான். பள்ளிக்கூடத்து கேட்டில் நான் பார்த்த பிடியும் அதேதான், கொஞ்சம் சின்ன அளவு. கண்ணாடிக்காரர் சிரிப்பு நின்றது. அவருக்கும் புரிந்துவிட்டது.

"சொல்லு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லிடும்மா" என்றாள் அம்மா. "சொல்லிட்டா விட்டுடுவாரு." சொல்லிக்கொண்டே தன் மணிக்கட்டைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சார், விடுங்க சார். பேசலாம் சார்."

"இருங்க சார். சமாதானம் ஆகணும்னுதானே வந்தீங்க? ஆக்கித் தர்றேன்."

கட்டிலுக்கடியிலிருந்து, "சமாதானம், சமாதானம், சமாதானம்" என்று சின்னவன் குரல் வந்துகொண்டே இருந்தது.

"நீ இல்லடா! அவ சொல்லணும்!"

அவளுக்குப் பிடிவாதம் என்று பின்னால் தெருவில் பேசிக்கொண்டார்கள். பிடிவாதமெல்லாம் இல்லை. அந்த வீட்டிலேயே அப்பா சொல்லைக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான். நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்காரத்தானே கூப்பிட்டார்கள். உட்கார்ந்திருந்தேன்.

அப்போது 'ஏன்' அப்பாவின் முழங்காலை விட்டு நகர்ந்து முன்னால் வந்தான். ஏன் என்று கேட்கவில்லை. பேசலாம் என்று சொல்லவில்லை. அவள் கையைப் பார்த்தான், தன் மாவுக்கட்டைப் பார்த்தான்.

"சமாதானம்" என்றான். "சமாதானம், அங்கிள். நான் சொல்லிட்டேன். விடுங்க."

ஐஸ்காரர் விட்டுவிட்டார். வியர்த்திருந்தது. "பார்த்தியாடி? அடிபட்டவனே சொல்லிட்டான். தங்கமான பையன். எப்படி சார் வளர்த்தீங்க?"

கண்ணாடிக்காரர் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டில் யாரும் சொல்லித்தராத ஒரு பாடத்தை அவன் இப்போது கற்றுக்கொண்டுவிட்டான் என்பது அவர் கண்ணெதிரே நடந்திருந்தது. அதை எந்தக் காரணம் சொல்லித் திருப்பி வாங்குவது?

பெரியவளின் மணிக்கட்டில் ஐந்து விரல் தடமும் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அது உருகி, விரல்நுனி வழியாகத் தரையில் சொட்டியது. கண்ணீர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பக்கத்தில் இருந்தவன்.

திங்கட்கிழமை இரண்டு அப்பாக்களும் பள்ளிக்கூடம் போனார்கள். தலைமையாசிரியைக்குப் பரம சந்தோஷம். பெண்ணின் படிப்பு தப்பியது. வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொண்ட பெற்றோர் என்று பிள்ளைகள் முன்னால் இருவரையும் நிறுத்திக் கைதட்ட வைத்தாராம். ஐஸ்காரர் அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தார். அம்மாக்காரி எனக்கு ஒரு தலையணை உறை கொடுத்தாள்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் காலை. கண்ணாடிக்காரரும் பையனும் படியிறங்கி வந்தார்கள். என் முன்னால் நின்றார்கள்.

"செருப்புப் போட்டுக்கலாமா, கண்ணா?"

பையன் ஏன் என்று கேட்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்தான். அந்தக் கையில் கண்ணாடிக் கீறல் இல்லாத விரலே கிடையாது. அதில் ஒரு விரலைத் தேடி எடுத்துப் பின்பக்கமாக வளைத்தான்.

"சமாதானம் சொல்லுங்கப்பா."

"ஏன், கண்ணா?"

"சொல்லுங்க."

"ஏன்டா, என்ன ஆச்சு? வா, உட்கார்ந்து..."

"சொல்லுங்க."

அவர் நினைத்தால் ஒரே உதறலில் உதறியிருக்கலாம். உதறத் தெரியாத மனுஷர். வலியில் முகம் கோணியது. என்னைப் பார்த்தார். நான் கம்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

"சமாதானம்டா" என்றார். "சமாதானம்."

பையன் விட்டுவிட்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கிப் போனான். அப்பா கையில் சின்னச் செருப்புகளை வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியவள் என் கடைக்கு வந்தாள், தனியாக. முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு ஒடிந்த கம்பியை எடுத்து நேராக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"தாத்தா, யாருமே தோக்காம, கையை விடறதுக்கு வேற ஏதாவது வார்த்தை இருக்கா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மழைத் தண்ணீர் படியோரமாக ஓடி, சாக்கடையில் விழுகிறவரை காத்திருந்தாள். நான் கருப்புத் துணியில் ஊசியை இறக்கினேன், ஏற்றினேன். அவள் கம்பியைப் பெட்டியில் போட்டுவிட்டு எழுந்து, என் தலைக்குமேல் படியேறிப் போனாள்.

நான் பதில் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஒரே ஒரு சமாதானம்தான் உண்டு: அந்தக் குடும்பம் மாடிக்குக் குடிவருவதற்கு வெகுகாலம் முன்பே எனக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டன.